பன்னிரண்டாவது தட்டு

எங்கள் சங்குக்காரத் தெருவில் ஒரு வருஷமும் பதினாலு நாளும் எதுவுமே பன்னிரண்டாவது முறை சத்தம் போடவில்லை என்று சொன்னால் புதுச்சேரியின் மற்ற தெருக்காரர்கள் இன்றைக்கும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், அந்தச் சத்தத்தைத் தின்றவன் நான் என்பதால் அடுத்தவர் சிரிப்புக்குக் கோபித்துக்கொள்ளும் யோக்கியதையை எப்போதோ இழந்துவிட்டேன். என் பெயர் இஞ்ஞாசி. கார் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். அடிபட்டு நசுங்கி வரும் கதவுகளையும் பானெட்டுகளையும் சுத்தியால் தட்டித் தட்டி நேராக்குவது என் தொழில், அந்தத் தட்டலைக் கேட்டுத்தான் என்கார்னா என்னைப் பிடித்தாள்.

என்கார்னா ஸ்பெயின் நாட்டுக்காரி. கடற்கரையைச் சுற்றிப் பார்க்க வந்து, எங்கள் தெருவில் ஒரு வாரம் தங்கி, அந்த வாரம் பதினாறு வருஷமாக நீண்டுபோனது. தமிழை மீன்காரம்மாக்களிடம் கற்றுக்கொண்டதால் அவள் வாயைத் திறந்தால் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். தெரு அவளுக்கு என்கர்ணம்மா என்று பேர் வைத்தது. பழைய ஐஸ் கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, இடித்த பங்களா ஒன்றின் தேக்குக் கதவுகள் இரண்டைச் சேர்த்துத் தரையில் பலகையாகப் போட்டு, சுற்றிலும் முப்பது பேர் உட்கார பெஞ்சு போட்டு, சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குத் தன் ஊர் ஆட்டமான ஃபிளமெங்கோ நடத்தினாள். தெருவில் அதற்குப் பலகையாட்டம் என்று பேர். மைக் கிடையாது, திரை கிடையாது, முன் பெஞ்சில் உட்கார்ந்தால் ஆடுகிறவளின் வேர்வை உங்கள் முழங்காலில் விழும், அவள் மூச்சு வாங்குவது உங்கள் மூச்சோ என்று சந்தேகம் வரும். ஐஸ் கிடங்கு என்பதால் சுவர் ஒரு முழம் கனம். உள்ளே போட்ட சத்தம் வெளியே போகாமல் அங்கேயே சுற்றிச் சுற்றி வரும்.

ஆடினவள் சலேத். எங்கள் தெருப் பெண்தான், மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுப்பவள். நாலு வீடு தள்ளி வீடு. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள், நானும் அந்த அண்ணனை எட்டு வருஷம் ஒழுங்காகத்தான் சுமந்தேன். என்கார்னா கிட்டாரும் பாட்டும், சலேத் கால், நான் கை. எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே கணக்கு, பன்னிரண்டு. மூன்று, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என்ற இடங்களில் கை அழுத்தித் தட்ட வேண்டும், மற்ற இடங்களில் மெல்ல. ஆட்டத்தின் உச்சத்தில் கிட்டார் நின்றுவிடும், பாட்டும் நின்றுவிடும், ஆடுகிறவளின் குதிகாலும் என் உள்ளங்கையும் மட்டும் மிச்சம். அப்போது அவள் கால் கணக்குக்கு முன்னும் பின்னும் இடுக்கிலும் எங்கே வேண்டுமானாலும் போய் வரும், ஏனென்றால் கை கயிறு, கால் பட்டம். கயிற்றைப் பிடித்திருப்பவன் வேறெங்கும் பார்க்கக் கூடாது, ஆடுகிறவளின் பாதத்தை மட்டும் பார்க்க வேண்டும்.

அந்த அறைக்கு இன்னொரு சட்டமும் இருந்தது, என்கார்னா தன் ஊரிலிருந்து கொண்டுவந்தது. பலகையின் மேல் என்ன தப்பு நடந்தாலும் அது பலகையில் நிற்பவருடையது. கிட்டார் கம்பி அறுந்தாலும் சரி, பாட்டு பிசகினாலும் சரி, ஆடுகிறவள் குனிந்து, "தப்பு என்னுது" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். நாங்கள் இதைப் பெரிய நாகரிகம் என்று மெச்சிக்கொண்டிருந்தோம்.

ஒரு ஆகஸ்ட் மாத சனிக்கிழமை, என்கார்னாவுக்குத் தெரிந்த ஒரு பெரிய மனிதர் அவள் ஊரிலிருந்து வந்திருந்தார். அங்கே இதேபோல் சின்ன அறைகளில் ஆட்டம் நடத்துகிறவர், ஆட்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர். ஆட்டத்துக்கு முன்னால் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர் என்னவோ சொல்ல, என்கார்னா சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னாள்.

"ஆடுற பொண்ணு புடிச்சிருந்தா இட்டுக்கினு போறேன்றாரு. கை தட்டுறவன் தேவையில்லையாம். அங்க தெருவுக்கு நாலு பேரு சும்மா உக்காந்து தட்டிக்கினு கீறானுங்களாம், இஞ்ஞாசி."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த மனிதரும் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். சலேத் என் தோளைத் தட்டி, "நீ இல்லாம நான் எங்கண்ணே போவேன்" என்றாள். நான் சிரித்தேன். டம்ளரில் மிச்சமிருந்த டீ ஆறுவதற்குள் என் வயிறு எரிந்து முடிந்திருந்தது. அன்று செய்தது திடீரென்று நடந்துவிட்டது என்று பின்னால் எனக்கே சொல்லிக்கொண்டேன், அது பொய், ஒரு டம்ளர் டீ ஆறும் நேரம் யோசித்துத்தான் செய்தேன்.

அன்று சலேத் ஆடியதை நான் எப்படிச் சொல்வது, முப்பது பேரும் ஓலே என்று சபாஷ் போடக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார்கள். கிட்டார் நின்றது, பாட்டு நின்றது, அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு, கணக்குக்கு வெளியே வெகுதூரம் போய், கால்கள் இரண்டும் எங்கே இருக்கின்றன என்று தெரியாதபடி சுற்றிவந்து, பன்னிரண்டில் வந்து இறங்கப் பாய்ந்தாள். ஒன்பது தட்டினேன், பத்து தட்டினேன், பதினொன்று தட்டினேன். பன்னிரண்டுக்கு என் இரண்டு கைகளும் வழக்கம்போல ஒன்றை நோக்கி ஒன்று வந்தன, ஒரு மயிரிழை இடம் விட்டு நின்றன. பார்த்தவர்களுக்குத் தட்டியதுபோலத்தான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. தன் குதிகால் இறங்கிய இடத்தில் கணக்கு இல்லாததைக் கண்ட சலேத், மாடிப்படி முடிந்தது தெரியாமல் இன்னொரு படி என்று காலை வைத்தவளைப்போலத் தடுமாறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பிறகு குனிந்தாள்.

"தப்பு என்னுது" என்றாள்.

வந்த மனிதர் மரியாதையாக இரண்டு வடை சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் கடிகாரம் நண்பகலுக்குப் பதினொன்று அடித்தது. சாமியார் மேலே ஏறிப் பார்த்தார், சுத்தி பன்னிரண்டாவது முறையும் போய் மணியில் மோதித்தான் திரும்பியது, மணி அதிரக்கூடச் செய்தது, சத்தம்தான் வரவில்லை. அன்று மதியமே வஞ்சிரம் விற்கும் ரெஜினாக்காவின் பன்னிரண்டாவது கூவல் வரவில்லை, சாயங்காலத்துக்குள் மன்றாட்டு மாலையில் பன்னிரண்டாவது 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' முழுக் கோயிலிலும் ஒரே நேரத்தில் ஊமையானது. ஜெபமாலை மட்டும் தப்பித்தது, அது பத்துப் பத்தாக இருப்பதால். தெருமுனை டீக்கடைப் பந்தலைத் தாண்டினால் எல்லாம் சரியாக இருந்தது, பந்தலுக்கு இந்தப் பக்கம் வந்தால் உங்கள் பன்னிரண்டாவது காலடி உங்களுக்கே கேட்காது.

முதல் வாரம் பயந்தோம், இரண்டாம் வாரம் புகார் கொடுத்தோம். மின்சாரத் துறை இதற்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்தது. டிவிக்காரர்கள் வந்து, வராத சத்தத்தை மூன்று கோணங்களில் படம்பிடித்து, போட்டுக் காட்ட ஒன்றும் இல்லாமல் திரும்பிப் போனார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து அது எங்கள் தெருவின் தண்ணீர் உப்பு மாதிரி எங்களுடையது ஆகிவிட்டது. பதினொன்று அடித்துப் பிறகு ஒரு வெறுமை வந்தால் நண்பகல் என்று சமையல்காரிகள் உலையை இறக்கினார்கள். குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கும் தாய்மார்கள் பதினொன்றோடு நிறுத்தி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்கள், பன்னிரண்டாவது தட்டு கேட்காவிட்டால் குழந்தை கண்ணைத் திறந்து பார்த்துவிடும். புருஷன் பெண்சாதி சண்டையில் பன்னிரண்டாவது வசவு ஊமையாகிவிடுவதால், எதிராளி என்ன சொன்னார் என்று தெரியாமல் இருக்கிறதிலேயே மோசமானதைத் தானே நினைத்துக்கொண்டு ஆறு நாள் பேசாமல் இருந்தார்கள். முறையாகச் சண்டை போட விரும்பியவர்கள் டீக்கடைப் பந்தலுக்கு அந்தப் பக்கம் போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். மேடைப் பேச்சிலும் பன்னிரண்டாவது வாக்கியத்துக்கு வாய் அசையும், சத்தம் இருக்காது, எங்கள் கவுன்சிலர் தன் வாக்குறுதியை எல்லாம் அந்த இடத்தில் வைத்துப் பேசக் கற்றுக்கொண்டார்.

எங்கள் கத்தோலிக்கத் தெரு அதிலிருந்து எடுத்த பெரிய லாபம் வேறு. பாவசங்கீர்த்தனத்தில் பாவங்களை வரிசையாகச் சொல்லும்போது, இருப்பதில் பெரிய பாவத்தைப் பன்னிரண்டாவதாக வைத்தால் சாமியார் காதில் விழாது. சொல்லியும் ஆயிற்று, கேட்கவும் இல்லை, மொத்தத்துக்கும் சேர்த்து மன்னிப்பு. பதினோரு பாவம் இல்லாத நல்லவர்கள் எண்ணிக்கைக்காகச் சின்னச் சின்னதாகச் சில புதிய பாவங்கள் செய்தார்கள். முதல் மாதமே வரிசையில் போய் முழங்காலிட்டவன் நான். பொய் சொன்னேன், சோம்பேறித்தனம் செய்தேன், ஓய்வுநாளில் வேலை செய்தேன் என்று பதினொன்றை அடுக்கிவிட்டுப் பன்னிரண்டாவதாக, என் தங்கை என்று சொல்லிக்கொண்டிருந்தவளின் காலடியில் இருந்த தட்டை நான் உருவிவிட்டேன் என்று சொன்னேன். என் உதடு அசைந்ததை நான் உணர்ந்தேன். சாமியார் காதில் பதினொன்றுதான் விழுந்தது. பிறகு மூன்று பரலோக மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

தெரு முட்டாள் இல்லை. சனிக்கிழமை பலகையில் பன்னிரண்டைத் தவறவிட்டவள் யார் என்று முப்பது பேர் பார்த்திருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு தெருவை விட்டே போய்விட்டது, கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும். சலேத்துக்குப் 'பன்னெண்டு' என்று பேர் வந்தது. முதலில் செல்லமாகத்தான் கூப்பிட்டார்கள், பன்னெண்டு, ஒரு அட்டை மாத்திரை குடு என்பார்கள், அவளும் சிரித்துக்கொண்டே கொடுப்பாள். ஆட வருவதை நிறுத்திவிட்டாள். ஆடும்போது போடும், குதிகாலில் ஆணி அடித்த கறுப்புச் செருப்புகளை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாள். என்கார்னா எத்தனையோ முறை கெட்ட வார்த்தை சொல்லிக் கூப்பிட்டும் வரவில்லை. பலகை ஓரமாகச் சாய்ந்து நின்றது.

ஒரு நாள் தலைவலி மாத்திரை வாங்கப் போனேன். கடையில் வேறு யாரும் இல்லை. அவள் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே, நீ கிட்ட உக்காந்து என் காலையே பாத்துக்கினு இருந்தியே. எங்க தப்புச்சின்னு சொல்லேன். நானும் எத்தினியோ வாட்டி நெனச்சிப் பாக்குறேன், புடிபட மாட்டேங்குது."

இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். யாரும் இல்லை, அவள் கேட்கிறாள், பன்னிரண்டாவது வாக்கியமும் இல்லை. நான் அட்டையை வாங்கிக்கொண்டு, பெரிய வித்தைக்காரன்போலத் தலையை ஆட்டி, "கொஞ்சம் சீக்கிரமா வெச்சிட்டம்மா. ஒரு மயிரிழைதான்" என்றேன்.

"சீக்கிரமாவா?"

"ஆமா. ஆசையில பாஞ்சிட்ட."

அவள் முகத்தில் நிம்மதி வந்தது. தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டால் திருத்திக்கொள்ளலாம் இல்லையா. அன்றையிலிருந்து தினமும் விடியற்காலையில் அவள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து வெறும் காலால் மிதிக்கும் சத்தம் வந்தது, பதினொன்று கேட்கும், பன்னிரண்டாவது கேட்காது, கேட்காத அந்த இடத்தில் அவள் தன் பாதத்தைக் கொஞ்சம் தாமதமாக வைக்கப் பழகிக்கொண்டிருந்தாள். நான் பாயில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டேன். பத்து மாதம் கேட்டேன். காதில் தலையணையை வைத்து அமுக்கிக்கொண்டாலும் கேட்டது. அவளிடம் இல்லாத ஒரு குறையை அவள் தினமும் திருத்திக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தும் எழுந்து நாலு வீடு தள்ளி நடக்க என்னால் முடியவில்லை, வெட்கத்தைவிட வெட்கம் வெளியே தெரிந்துவிடும் என்ற பயம் பெரிதாக இருந்தது.

அடுத்த ஆகஸ்ட் பதினைந்து மாதா திருவிழாவில்தான் தெருவின் செல்லம் தீர்ந்தது. தேர் இழுக்கும்போது முன்னால் நிற்பவர் குரல் கொடுக்க, எல்லோரும் ஒன்றாக வடத்தை இழுப்பது வழக்கம். பன்னிரண்டாவது குரல் வராது என்று எல்லோருக்கும் தெரியும், பதினொன்றோடு நிறுத்தி இளைப்பாறச் சொல்லியிருந்தார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து உதவிக்கு வந்தவர்களுக்கு அது தெரியாது. பாதிப் பேர் இழுத்தார்கள், பாதிப் பேர் நின்றார்கள், தேர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ரெஜினாக்காவின் புருஷன் சவரிராயனின் பாதத்தின் மேல் சக்கரம் ஏறியது. கடலுக்குப் போகிறவனுக்கு ஒரு பாதம் போனால் என்ன மிஞ்சும். வளைந்த சக்கரப் பட்டையைத் தட்டி நிமிர்த்த என் பட்டறைக்குத்தான் கொண்டுவந்தார்கள். பதினோரு அடி கேட்டது, பன்னிரண்டாவது அடி கேட்கவில்லை, பட்டையில் காய்ந்திருந்த ரத்தத்தை நான் என் வேட்டியாலேயே துடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குக் கூட்டம் போட்டார்கள். கோயில் மண்டபத்தில் பந்தல் பிரிக்கும் வேலை நடந்ததால் ஐஸ் கிடங்கில் கூடினோம். முப்பது பேர் இடத்தில் எண்பது பேர். கோயில் பங்குப் பேரவைத் தலைவர் சூசைநாதன் நல்ல மனிதர்தான், தலையைச் சொறிந்துகொண்டே சலேத்தைப் பார்த்துத் தொடங்கினார்.

"உன்ன யாரும் குத்தம் சொல்லலம்மா. கொஞ்ச நாளைக்கி உங்க சித்தி வூட்டுக்குத் தூத்துக்குடிக்குப் போய் இருந்தின்னா, சத்தம் திரும்புதான்னு பாக்கலாம். உன் நல்லதுக்குந்தான் சொல்றோம்."

சலேத் கதவோரம் நின்றிருந்தாள். "நாளைக்கி வண்டிக்கி சீட்டு எடுத்துட்டேன்ண்ணே" என்றாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் குனிந்து, "தப்பு என்னுது" என்றாள். ரெஜினாக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அவளுக்கு சலேத்தின் மேல் கோபமும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

என்கார்னா சுவரில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏதாவது தெரியுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் எழுந்தேன். ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த பலகையை இழுத்துத் தரையில் போட்டேன், தூசி பறந்தது, செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஏறினேன். எட்டு வருஷம் அதன் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தவன் அன்றுதான் முதல்முறையாக அதன் மேல் நின்றேன்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் இஞ்ஞாசி, பட்டறைக்காரன். ஆரம்பத்துலேருந்து இந்த ரூம்ல கை தட்டுனவன் நாந்தான். அன்னிக்கி அந்த வெளிநாட்டுக்காரரு வந்திருந்தாரு. சலேத்து நல்லா ஆடுச்சி. அந்த மாதிரி அது அதுக்கு முந்தி ஆடுனதே இல்ல. கிட்டாரு நின்னுடுச்சி. பாட்டும் இல்ல. என் கைய நம்பித்தான் அது இந்தப் பலகைமேல நின்னுது. நான் ஒண்ணுலேருந்து எண்ணிக்கினு வந்தேன். பதினொண்ணு வரைக்கும் ஒழுங்காத்தான் தட்டுனேன்."

அடுத்த வாக்கியத்தைச் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைத்தேன். வாய் அசைந்தது, தொண்டை அதிர்ந்தது, அறையில் ஒரு சத்தமும் இல்லை. வேண்டுமானால் மேலே எண்ணிப் பாருங்கள், ஒரு வருஷமாகப் பாவசங்கீர்த்தனத்தில் பழகிய நாக்கு, நான் கேட்காமலேயே, சொல்ல வேண்டிய ஒன்றைக் கொண்டுபோய்ப் பன்னிரண்டாவது இடத்தில் வைத்திருந்தது.

எண்பது பேரும் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தாங்களாகவே நினைத்துக்கொண்டார்கள். என் கண்ணில் தண்ணீர் வேறு இருந்ததா, அவர்கள் நினைத்தது நல்லதாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"ஓலே!" என்றார் யாரோ பின்னாலிருந்து.

"அண்ணன்னா இப்பிடி இருக்கணும்டா. தப்புல தனக்கும் பங்குன்றான் பாரு" என்றார் சூசைநாதன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. கை தட்டினார்கள். பதினொன்று தட்டி, பன்னிரண்டாவது கேட்காமல் போய், மறுபடி தட்டினார்கள். சலேத்கூடக் கதவோரம் நின்று தட்டினாள்.

அப்படியே இறங்கியிருக்கலாம். சொல்லியும் ஆயிற்று, கேட்கவும் இல்லை. ஒரு கால் பலகையிலிருந்து இறங்கியும் விட்டது, அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் சலேத் தட்டிய கை என் கண்ணில் பட்டது, மாத்திரை எண்ணி எண்ணி விரல் நுனி வெளுத்துப்போன கை, அது எனக்காகத் தட்டிக்கொண்டிருந்தது. காலை மறுபடி மேலே வைத்தேன்.

"பன்னெண்டு நான் தட்டல" என்றேன். இந்த முறை சத்தம் வந்தது, ஐஸ் கிடங்கின் சுவர்களில் மோதி மோதித் திரும்பி வந்தது. "கையக் கொண்டாந்து நிறுத்திட்டேன். வேணும்னேதான் செஞ்சேன். என்ன வுட்டுட்டு அது மட்டும் போயிடுமேன்னு வயிறு எரிஞ்சிது."

யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. சவரிராயனின் கட்டுப்போட்ட காலைத்தான் எல்லோரும் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். என்னை நேராகப் பார்த்தவள் சலேத் மட்டும்தான், அவள் மெதுவாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பலகைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அப்போ நான் சீக்கிரமா வெக்கலியா?"

"இல்லம்மா."

"சரியாத்தான் வெச்சனா?"

"சரியாத்தான் வெச்ச."

அவள் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். "பத்து மாசமா லேட்டா வெச்சிப் பழகியிருக்கேனே" என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு எப்போதும் சொல்லவில்லை.

மறுநாள் நண்பகல் தெரு முழுவதும் கோயில் முன்னால் நின்றது. பதினொன்று அடித்தது. பிறகு பன்னிரண்டு அடித்தது. ரெஜினாக்கா ஓவென்று அழுதாள், குழந்தைகள் பயந்து ஓடினார்கள், கூட்டத்தில் பாதிப் பேர் அந்த வாரப் பாவசங்கீர்த்தனத்துக்கு என்ன செய்வது என்ற கவலையில் அமைதியாக வீடு திரும்பினார்கள். சலேத் தூத்துக்குடிக்குப் போகவில்லை. சாமியாரிடம் போய் என் பாவத்தை முதலாவதாகச் சொன்னேன், அவர் மன்னிப்புக் கொடுத்தார், சவரிராயன் நான் கொண்டுபோன மீனைத் திருப்பிக் கொடுத்தான், டீக்கடையில் என் டம்ளரைக் கையில் கொடுக்காமல் பெஞ்சில் வைத்தார்கள். எல்லாம் நியாயம்தான்.

ஆறு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, அரிசி மாவு ஒட்டியிருந்த கறுப்புச் செருப்புகளோடு சலேத் ஐஸ் கிடங்குக்கு வந்தாள். கை தட்ட வேறொருவனைப் பார்த்து வைத்திருந்தாள் என்கார்னா. சலேத் அவனை எழுப்பிவிட்டு என்னைப் பார்த்து, "நீ உக்காரு" என்றாள்.

உட்கார்ந்தேன். கிட்டார் நின்றது, பாட்டு நின்றது, அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு கணக்குக்கு வெளியே வெகுதூரம் போனாள். நான் அவள் பாதத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. பன்னிரண்டு தட்டினேன், உயிரைக் கொடுத்துத் தட்டினேன், சத்தம் சுவரில் போய் மோதியது. அவள் குதிகால் அதில் வந்து இறங்கவில்லை. ஒரு மயிரிழை தாமதமாக, நான் சொல்லிக்கொடுத்த இடத்தில், இறங்கியது. அதற்குப் பிறகு அவள் எவ்வளவு பழகியும் அது மாறவில்லை, பத்து மாதம் மொட்டைமாடியில் வெறும் காலால் கற்றுக்கொண்டது எலும்பில் ஊறிவிட்டது.

இப்போது எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து அந்த முப்பது இடத்துக்கு முண்டியடிக்கிறார்கள். அந்தத் தாமதத்துக்காகத்தான் வருகிறார்கள். என் தட்டு விழுந்து அவள் கால் விழுவதற்குள் அறையில் மூச்சு நின்றுவிடுகிறது என்கிறார்கள், அப்படி ஒன்றை உலகத்தில் எங்கும் கேட்டதில்லை என்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் சலேத் வேர்வையைத் துடைத்துக்கொண்டு பலகையில் நின்று குனிகிறாள், அறையின் சட்டப்படி, "தப்பு என்னுது" என்கிறாள். வந்தவர்கள் அதை அவளுடைய அடக்கம் என்று நினைத்து ஓலே, ஓலே என்று கத்துகிறார்கள். அவள் குனிவது அவர்களைப் பார்த்து அல்ல, பலகைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்து, ஒவ்வொரு சனிக்கிழமையும்.